பழைய ரைஃபிளுக்கு எந்த தோட்டா? உள்ள போறதெல்லாம் பொருந்துறது இல்ல

தாத்தா காலத்து ரைஃபிள் ஒண்ணு வீட்ல இருக்குன்னு சொல்ற யாரா இருந்தாலும் அடுத்து கேக்கறது "இதுக்கு தோட்டா எங்க கிடைக்கும்"னுதான். எனக்கு அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்குன்னு தோணும். இந்த துப்பாக்கிய செஞ்சவங்க எவ்வளவு அழுத்தம் தாங்கற மாதிரி செஞ்சாங்க, அது இன்னைக்கும் அவ்வளவு தாங்குமா? இது தெரியாம தோட்டா தேடினா, கைல கிடைக்கிற ஏதோ ஒரு தோட்டா சேம்பர்ல (பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற இடம்) அழகா உக்காந்துடும், அத மூடற போல்ட்டும் மூடிடும், உடனே "பொருந்துதே"ன்னு நம்பிடுவோம். உள்ள போறதுக்கும் பொருந்துறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிலதான் விரலும் கண்ணும் போகுது, அதனால இத கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மெட்ராஸ்ல இந்த மாதிரி துப்பாக்கி நிறைய புழங்கினதுக்கு காரணம் இருக்கு. மவுண்ட் ரோட்ல இருந்த பி.ஆர். அண்ட் சன்ஸ்ன்னா நமக்கு கடிகாரம்தான் ஞாபகம் வரும், ஆனா அவங்க பேர் பொறிச்ச ரைஃபிளும் ஷாட்கன்னும் உண்டு, அதே மாதிரி ஓக்ஸ் அண்ட் கோ பேர் போட்டதும் உண்டு. பேரல் மேல "மெட்ராஸ்"னு பொறிச்சிருந்தா இங்கயே செஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பெரும்பாலும் அது கடைக்காரங்க பேர்தான், துப்பாக்கி இங்கிலாந்துல, முக்கியமா பர்மிங்ஹாம்ல தயாராகி கப்பல்ல வந்தது. அதனால அந்த அழகான எழுத்துல இருந்து தோட்டா பத்தி ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பேரலோட அடிப்பக்கம், மரத்துக்குள்ள மறைஞ்சு இருக்கிற சின்ன சின்ன முத்திரைகள்தான் விஷயத்த சொல்லும், அதுக்கு பின்னாடி வரேன்.

முதல்ல சட்டம், சுருக்கமா சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டத்துல 45வது பிரிவுல பழமையான ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு, ஆனா அது ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுடவே முடியாத நிலைல இருக்கிறதுக்குதான். சுட முடியும்னா அது எத்தனை வயசானாலும் லைசென்ஸ் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாது, பரம்பரையா வந்ததும் அந்த கணக்குலதான் சேரும். 303ங்கற பழைய பிரிட்டிஷ் ராணுவ அளவு தடை செய்யப்பட்ட போர் (போர்னா பேரல் துளையோட அளவு, bore), சாதாரண ஆளுக்கு கிடையாது. லைசென்ஸ்ல எந்த போர் எழுதியிருக்கோ அந்த தோட்டாதான் வாங்கலாம். 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் வேட்டைங்கற பேச்சே இல்ல, அனுமதி உள்ள ரேஞ்சுலதான் சுட முடியும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லா குழப்பத்துக்கும் வேர் ஒரே இடத்துல இருக்கு, 1880களோட கடைசியில நடந்த வெடிமருந்து மாற்றம். அது வரைக்கும் உலகம் பூரா கருமருந்துதான், பத்தினா வெள்ளையா புகை மூடிக்கும். 1886ல பிரான்ஸ் லெபல் ரைஃபிள புகையில்லா மருந்தோட கொண்டு வந்துச்சு, பிரிட்டிஷ்காரங்க 1890களோட தொடக்கத்துல கார்டைட்ங்கற புகையில்லா மருந்துக்கு மாறினாங்க. சுவாரசியமா பாருங்க, 303 தோட்டாவே 1888ல கருமருந்து அடைச்சுதான் முதல்ல வந்துச்சு, கார்டைட் அப்புறம்தான். கார்டைட் ரொம்ப சூடா எரிஞ்சு, அப்ப 303 ரைஃபிள்ல இருந்த மெட்ஃபோர்ட் பேரலோட ஆழமில்லாத வரிகள (புல்லட்ட சுழல வெக்க பேரலுக்குள்ள வெட்டின பள்ளங்கள்) தேய்ச்சு எடுத்துடுச்சு, அதனாலதான் 1895ல என்ஃபீல்ட் வரிக்கு மாத்தினாங்க. லீ மெட்ஃபோர்டும் லீ என்ஃபீல்டும் வேற வேற பேரானது இப்படித்தான். நம்ம நீலகிரில அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி 1903ல தொடங்கினதும் இதே மாற்றத்தோட தொடர்ச்சிதான், இன்னைக்கும் அது மியூனிஷன்ஸ் இந்தியா கீழ ஓடிட்டு இருக்கு.

கருமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் வித்தியாசம் வெறும் புகை இல்ல. கருமருந்து சட்டுனு எரிஞ்சு முடிஞ்சிடும், அழுத்தம் கூடினாலும் அதோட எரியற வேகம் ரொம்ப மாறாது, அதனால அழுத்தம் ஒரு அளவுக்கு மேல எகிறுறது கஷ்டம். புகையில்லா மருந்து அப்படி இல்ல, சுத்தி அழுத்தம் கூட கூட அது இன்னும் வேகமா எரியும், வேகமா எரிஞ்சா இன்னும் அழுத்தம் கூடும், அப்படி ஒண்ண ஒண்ணு தூக்கி விடும். பேரல் அந்த வேகத்துக்கு தயாரா இருந்தா நல்ல ரைஃபிள், இல்லனா கைக்குள்ளயே வெடிக்கிற குழாய். அதோட ஒரே எடைக்கு புகையில்லா மருந்துல சக்தி ரொம்ப அதிகம். நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கிற சிலர் கருமருந்து கிடைக்கலன்னு ஷாட்கன் தோட்டாவ பிரிச்சு அந்த மருந்த அதே அளவு கொட்டி இடிக்கிறாங்க, இத எந்த காரணத்துக்காகவும் செய்யவே கூடாது, கொஞ்சமா போட்டா பரவால்லன்னும் கிடையாது.

இந்த மாற்றம் ஒரே நாள்ல நடக்கல, அதுதான் நமக்கு பிரச்சனை. 1890ல இருந்து 1910 வரைக்கும் ஒரே பேர்ல, ஒரே நீளத்துல, வெளிய பாத்தா ஒரே மாதிரி இருக்கிற தோட்டாக்கள் மூணு விதமா வந்துச்சு. 500 போர், 3 இன்ச் கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு), இத எடுத்துக்குவோம். இதுல பிளாக் பவுடர் எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு. அதே ரைஃபிள்ல புகை இல்லாம சுடணும்னு ஆசைப்பட்டவங்களுக்காக, கருமருந்து அளவுக்கே அழுத்தம் வர மாதிரி குறைச்சு அடைச்ச நைட்ரோ ஃபார் பிளாக் (நைட்ரோன்னா புகையில்லா மருந்து) ரெண்டாவது. 570 கிரெய்ன் புல்லட்டோட முழு சக்தில வர நைட்ரோ எக்ஸ்பிரஸ் மூணாவது. கேஸ் ஒண்ணுதான். நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா 1880ல செஞ்ச பிளாக் பவுடர் ரைஃபிள்ல தடையே இல்லாம உள்ள போகும். தோட்டா மேல "500"னு இருக்கு, துப்பாக்கி மேலயும் "500"னு இருக்கு, லைசென்ஸ்லயும் "500"தான், எல்லாம் சரியா இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா அந்த பேரல் அதுக்கு செஞ்சது இல்ல. கிரெய்ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, 1 கிராமுக்கு சுமார் 15.4 கிரெய்ன், புல்லட், மருந்து ரெண்டோட எடையும் இதுலதான் சொல்வாங்க.

இந்தியால இருக்கிற பழைய டபுள் ரைஃபிள்கள்ல (ரெண்டு பேரல் உள்ளது) விநோதமான போர்கள் நிறைய இருக்கிறதுக்கு ஒரு அரசியல் கதை இருக்கு, இத தெரிஞ்சுக்கிட்டா கைல இருக்கிறது எந்த காலத்துதுன்னு குத்துமதிப்பா சொல்லலாம். 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 1898ல ரிக்பி கம்பெனி கொண்டு வந்தது, யானை வேட்டைக்காரங்க நடுவுல செம பிரபலம். ஆனா அதே விட்டம்தான் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான மார்டினி ஹென்றிக்கும், அந்த ரைஃபிள்கள் கலகக்காரங்க கைல நிறைய இருந்துச்சு, தோட்டா அவங்களுக்கு போயிடும்னு பயந்து பிரிட்டிஷ் இந்திய அரசு 1900களோட தொடக்கத்துல 450 போருக்கு தடை போட்டுச்சு. உடனே லண்டன் கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சம் விட்டம் மாத்தி 1907 வாக்குல புதுசு புதுசா இறக்கினாங்க, ஹாலண்ட் அண்ட் ஹாலண்டோட 500/465, அப்புறம் 470 எல்லாம் இந்த சமயம் சந்தைக்கு வந்ததுதான். அதனால 465 போட்ட ரைஃபிள் நைட்ரோ காலத்துது. வெறும் 450ன்னு மட்டும் இருந்தா அது கருமருந்தாவும் இருக்கலாம் நைட்ரோவாவும் இருக்கலாம், அங்க கூடுதல் ஜாக்கிரதை வேணும்.

இப்ப முத்திரைக்கு வரேன். லண்டன்ல 1637ல சாசனம் வாங்கின துப்பாக்கி செய்றவங்க சங்கம், பர்மிங்ஹாம்ல 1813ல இருந்து புரூஃப் ஹவுஸ், இவங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு பேரலயும் சாதாரணத்த விட அதிகமான மருந்து போட்டு வெடிச்சு பாத்து, தாங்கினா முத்திரை குத்துவாங்க. கருமருந்துல மட்டும் சோதிச்சதுக்கு ஒரு வகை முத்திரை, புகையில்லா மருந்துல சோதிச்சதுக்கு வேற. கிரீடத்துக்கு கீழ NP (என்பி)ன்னு இருந்தாலோ "நைட்ரோ புரூஃப்"னு எழுத்துலயே இருந்தாலோ அது புகையில்லா மருந்துக்கு சோதிச்சது. டபுள் ரைஃபிள்ல இன்னும் தெளிவா "கார்டைட் 85-480 மேக்ஸ்"ங்கற மாதிரி பொறிச்சிருப்பாங்க, அதாவது 85 கிரெய்ன் கார்டைட், 480 கிரெய்ன் புல்லட், அதுக்கு மேல போகாதேன்னு அர்த்தம். இந்த ஒரு வரி கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. நைட்ரோ முத்திரையே இல்லனா கருமருந்து துப்பாக்கின்னுதான் எடுத்துக்கணும், எவ்வளவு தடிமனா தெரிஞ்சாலும்.

ஆனா முத்திரை குத்தின அன்னைக்கு துப்பாக்கி எப்படி இருந்துச்சுங்கறததான் அது சொல்லும். அதுக்கப்புறம் நூறு வருஷம் சென்னை ஈரக்காத்துல உக்காந்திருக்கு, யாராவது துருவ சுரண்டி எடுத்து பேரல மெல்லிசாக்கியிருக்கலாம், சேம்பர நீட்டியிருக்கலாம், வேற போருக்கு மாத்தியிருக்கலாம். டமாஸ்கஸ் பேரல்னா இன்னும் கவலை. இரும்பு பட்டையும் ஸ்டீல் பட்டையும் முறுக்கி ஒரு கம்பிய சுத்தி பழுக்க காய்ச்சி அடிச்சு ஒட்டினது அது, வெளிய கோலம் மாதிரி வரிவரியா ரொம்ப அழகா இருக்கும், ஆனா ஒட்டின இடத்துக்கு நடுவுல துரு பிடிச்சிருந்தா வெளிய தெரியவே தெரியாது. என்னோட அபிப்பிராயம், டமாஸ்கஸ் பேரல் ரைஃபிள இந்த ஊர்ல சுடவே வேணாம். எழும்பூர் மியூசியத்துல ஆயுத கேலரியில தஞ்சாவூர் அரண்மனைல இருந்து வந்ததெல்லாம் வெச்சிருக்காங்களே, அந்த மாதிரி பாத்து ரசிக்கிறதுக்கு அது.

பேர் ஏமாத்தற கதைல ரொம்ப மோசமானது "8 எம்எம்"தான். நம்ம ஊர்ல 315னு சொல்ற தோட்டா 8x50ஆர் மான்லிச்சர்ல இருந்து வந்தது (8 எம்எம் போர், 50 எம்எம் நீள கேஸ், ஆர்னா பின்பக்கம் விளிம்பு உள்ளது), பிஎஸ்ஏ கம்பெனி லீ ஆக்‌ஷன்ல இந்தியாவுக்குன்னே 315 ரைஃபிள்கள் செஞ்சு அனுப்பினாங்க, அப்புறம் நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரியும் அதே போர்ல ரைஃபிளும் தோட்டாவும் போட்டாங்க. ஆனா பிரெஞ்சு லெபலும் 8x50ஆர்தான், அது முழுக்க வேற தோட்டா. அதே மாதிரி ஆஸ்திரிய மான்லிச்சர் 95 ரைஃபிள்கள்ல நிறைய 1930கள்ல 8x56ஆருக்கு மாத்தினாங்க, மாத்தினதுக்கு அடையாளமா சேம்பர் மேல பெருசா "எஸ்"னு ஒரு எழுத்து குத்தியிருப்பாங்க. அந்த ஒரு எழுத்த பாக்காம மாடல் பேர வெச்சு தோட்டா வாங்கினா தப்பாயிடும்.

ஜெர்மன் மவுசர் 8x57ல நடந்தது இன்னும் நுணுக்கம். 1888 ரைஃபிளுக்கு புல்லட் விட்டம் .318 இன்ச், 1905 வாக்குல அத .323 ஆக்கிட்டாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.13 மில்லிமீட்டர், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா குறுகலான பேரல்ல பெரிய புல்லட்ட தள்ளினா அழுத்தம் தாறுமாறா ஏறும். இந்த குழப்பத்துக்கு பயந்துதான் அமெரிக்கால 8 எம்எம் மவுசர் தோட்டாக்கு அழுத்த வரம்ப 35,000 பிஎஸ்ஐன்னு (ஒரு சதுர இன்ச் மேல எத்தனை பவுண்டுங்கற கணக்கு) ரொம்ப கம்மியா வெச்சிருக்காங்க, ஐரோப்பால அதே தோட்டா முழு சக்தில வரும். டெக்சாஸ்லயோ மெல்போர்ன்லயோ இருக்கிற நம்ம ஆளுங்க பழைய மவுசர் ஒண்ணு வாங்கிட்டு, ஒரு பெட்டி சாதுவா சுட்டுச்சுன்னு அடுத்த பெட்டிய ஐரோப்பிய பிராண்ட்ல வாங்கறாங்க, அது அதே பேர்ல வேற தோட்டான்னு வெச்சுக்கணும்.

வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்காகவே இன்னும் ஒண்ணு, 45-70. 1873 டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்த கருமருந்து தோட்டா இது. இன்னைக்கும் அமெரிக்கால ரொம்ப ஓடுது, நார்மலான வரம்பு 28,000 பிஎஸ்ஐ. ஆனா புது லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குன்னு அத விட எவ்வளவோ ஜாஸ்தி அடைச்ச பெட்டிகளும் அதே அலமாரில பக்கத்துலயே இருக்கும். பெட்டி மேல சின்ன எழுத்துல "பழைய ரைஃபிளுக்கு வேண்டாம்"னு போட்டிருப்பாங்க, அந்த சின்ன எழுத்தத்தான் முதல்ல படிக்கணும். ஒரு ஒப்பீட்டுக்கு சொல்றேன், இன்னைக்கு சாதாரணமா வர 308 வின்செஸ்டர் 62,000 பிஎஸ்ஐ வரைக்கும் போகும்.

அந்த 308 விஷயத்துல இஷாபூர் ரைஃபிள்கள பத்தி ஒரு வார்த்தை. 1962 சீன யுத்தத்துக்கு அப்புறம் இஷாபூர் அரசு ஃபேக்டரில 7.62க்குன்னே (308ஓட ராணுவ வடிவம்) புது ஸ்டீல்ல 2ஏ ரைஃபிள் செஞ்சாங்க, பாக்கறதுக்கு பழைய 303 மாதிரியேதான் இருக்கும், அதனால பழைய 303யும் 7.62க்கு மாத்திக்கலாம்னு வெளிநாட்டுல சிலர் நினைக்கிறாங்க. அந்த பழைய பாடி அந்த அழுத்தத்துக்கு செஞ்சது கிடையாது. இன்னொரு உறவுக்காரன் 410 மஸ்கட், போலீஸ், ஜெயில் காவலுக்குன்னு 303ய வரியெல்லாம் எடுத்து வழவழப்பு பேரலாக்கினது. அதோட தோட்டா 303 கேஸோட கழுத்த நேராக்கினது, கடைல கிடைக்கிற 410 ஷாட்கன் தோட்டா இல்ல. சிலத பின்னாடி சாதா 410க்கு குடைஞ்சிருக்காங்க, சிலத குடையல, அளந்து பாக்காம சொல்ல முடியாது.

அளக்கறது எப்படின்னு சொல்லிடறேன், இது நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட குடுத்து செய்ய வேண்டிய வேலை. செரோசேஃப்னு ஒரு கலவை உலோகம் இருக்கு, கொதிக்கிற தண்ணிக்கு கம்மியான சூட்டுலயே உருகும், அத சேம்பர்ல ஊத்தி ஆறவிட்டு எடுத்தா சேம்பரோட அச்சு அப்படியே வந்துடும். ஊத்தினதும் கொஞ்சம் சுருங்கி அப்புறம் மெதுவா விரியும், சுமார் 1 மணி நேரத்துல சரியான அளவுக்கு வரும், அப்ப மைக்ரோமீட்டர் வெச்சு அளக்கணும். பேரலுக்கு, சுத்தமான மெத்துனு இருக்கிற ஈயக்குண்ட எண்ணெய் தடவி மெதுவா தள்ளி மறுபக்கம் எடுத்து அளந்தா வரியோட உண்மையான விட்டம் தெரியும். அப்புறம் ஹெட்ஸ்பேஸ், போல்ட் மூடினதுக்கு அப்புறம் தோட்டாக்கு பின்னாடி எவ்வளவு இடம் இருக்குங்கறது. 303ல விளிம்புக்கான இடம் .064 இன்ச்ல இருந்து தேஞ்சு போனா அதிகபட்சம் .074 வரைக்கும் இருக்கலாம், அதுக்கு மேலன்னா கேஸ் பின்பக்கம் கிழிஞ்சு சூடான வாயு முகத்துக்கு நேரா வரும்.

"முதல்ல ஒண்ணு சுட்டு பாக்கலாம், கேஸ பாத்தா தெரிஞ்சிடும்"னு அனுபவசாலிகளே சொல்றத கேட்டிருக்கேன், இங்கதான் எனக்கு ரொம்ப அழுத்தி சொல்லணும்னு இருக்கு. கேஸோட பித்தளை வீங்கறது, பிரைமர் (தோட்டா அடில நெருப்பு பத்த வெக்கிற சின்ன மூடி) தட்டையாகறது எல்லாம் ரொம்ப அதிக அழுத்தத்துல தெரியற அறிகுறி. கருமருந்து ரைஃபிள் அதுக்கு ரொம்ப முன்னாடியே தன்னோட எல்லைய தாண்டியிருக்கும், கேஸ் புதுசு மாதிரி வெளிய வரும். அதோட முதல் தோட்டா தாங்கிச்சுங்கறது அடுத்ததுக்கு உத்தரவாதம் இல்ல, உள்ளுக்குள்ள விரிசல் கொஞ்சம் கொஞ்சமா வளந்து பத்தாவதுலயோ ஐம்பதாவதுலயோ விடும். அதனால சரியான தோட்டான்னு எல்லா வகையிலயும் உறுதியான ரைஃபிளயே முதல் தடவை தோள்ல வெச்சு சுடாம, ஸ்டாண்ட்ல கட்டி தூரத்துல இருந்து கயிறு வெச்சு இழுக்கறதுதான் முறை.

தோட்டா தேர்வுல அழுத்தம் தவிர புல்லட்டும் முக்கியம். பழைய மெத்துனு இருக்கிற ஸ்டீல் பேரலுக்கு ஈய புல்லட்தான் நல்லது, செம்பு உறை போட்ட புல்லட் வரிகள தேய்க்கும், அழுத்தத்தயும் கூட்டும். டபுள் ரைஃபிள்ல ரெண்டு பேரலும் ஒரே இடத்துல படற மாதிரி ஒரே ஒரு குறிப்பிட்ட தோட்டாக்கு சரி பண்ணி ஒட்டியிருப்பாங்க, வேற எடை போட்டா குறி விலகும். சின்ன 22 போர் கூட விதிவிலக்கு இல்ல, 22 லாங் ரைஃபிள்ங்கற தோட்டா 1887ல இருந்தே இருக்கு, அதுல வேகம் கூடின ஹை வெலாசிட்டி வகை 1930கள்லதான் வந்துச்சு, அதுக்கு முந்தின 22க்கு சாதா ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போதும்.

வாய்வழியா கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு ரெண்டு விஷயம். குண்டு மருந்த தொட்டு உக்காரணும், நடுவுல காத்து இடைவெளி விட்டா அந்த இடத்துல பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். அப்புறம், சுவத்துல மாட்டியிருக்கிற பழசு காலியா இருக்கும்னு நம்பாதீங்க. ஒரு மரக்குச்சிய பேரல் வாய்ல இருந்து அடி வரைக்கும் விட்டு வாய் கிட்ட கோடு போட்டு, வெளிய எடுத்து பேரல் பக்கத்துல வெச்சு பாருங்க, குச்சி நெருப்பு போற ஓட்டை வரைக்கும் எட்டலன்னா உள்ள ஏதோ இருக்கு. அத தொடாம கன்ஸ்மித்த கூப்பிடுங்க.

கடைசியா தாத்தாவோட பழைய தோட்டா பெட்டி. கார்டைட் சூட்டுல அழுத்தம் கூடற மருந்து, அதனாலதான் கைனாக் கம்பெனி இந்தியா, ஆப்பிரிக்கா மாதிரி வெயில் ஊருக்கு "டிராபிக்கல்"னு மருந்து குறைச்ச தோட்டாவே தனியா போட்டாங்க. குளிர் ஊர் தோட்டாவ மே மாசம் சென்னைல கார் டிக்கில வெச்சு எடுத்துட்டு போய் சுட்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. இது போக பல வருஷம் பரண் மேல சூட்டுல கிடந்த மருந்து உள்ளயே சிதைய ஆரம்பிச்சிருக்கும், பழைய பிரைமர்ல இருந்த பாதரசம் சுட்டதும் பித்தளைய நொறுங்க வெக்கும், குளோரேட் பிரைமர் பேரல்ல விட்டுட்டு போற உப்பு நம்ம ஈரத்துல ஒரே ராத்திரில துரு ஏத்தும், அதுக்கு எண்ணெய் மட்டும் பத்தாது, முதல்ல சுடுதண்ணி ஊத்தி கழுவி துடைக்கணும். அந்த பெட்டில இருக்கிறத சுட வேணாம். குப்பைலயும் போட வேணாம், எரிக்கவும் வேணாம், பிரிச்சு மருந்த கொட்டவும் வேணாம். லைசென்ஸ் புக்க எடுத்துட்டு ஏரியா போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர் கிட்டயோ முதல்ல பேசுங்க, அவங்க சொல்ற முறைப்படி ஒப்படைச்சு எழுத்துல ரசீது வாங்கிக்கோங்க.